இருளாண்டிக்கு வாயாக இருந்தவன்

இருளாண்டியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் அவனைப் பற்றித் தெரிந்த ஆள் என்னை விட்டால் வேறு யாரும் இல்லை, அதுதான் சங்கடம். நான் வண்டிக்காரன் ஆண்டியப்பன். வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் ஊர். நாலாம் வகுப்பு வரை படித்தவன். என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். அப்படியும் எங்கேயாவது புத்தி நழுவியிருந்தால் படிப்பவர்கள் அதை அடித்துவிட்டுப் படிக்கட்டும்.

இருளாண்டி அடுத்த வீடு. என்னைவிட ஒரு வயது மூத்தவன். காது கேட்காது, பேச்சும் வராது. சின்ன வயதில் இரண்டு பேரும் ஒன்றாக ஆடு மேய்த்தோம். நாள் முழுக்கப் பொட்டலில் கிடக்கும்போது பேசாமல் இருக்க என்னால் முடியாது, எனக்கு வாய் அப்படி. ஆடுகளோடு எவ்வளவு நேரம் பேசுவது? அவனோடு பேச ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டுவான், நான் பிடித்துக்கொள்வேன். நான் தப்பாகக் காட்டினால் தொடையில் பளீரென்று ஓர் அறை விழும். அப்படி அடி வாங்கித்தான் அவன் பாஷையைப் படித்தேன்.

ஊரில் எல்லாருக்கும் அவன் ஓர் அடையாளம் வைத்திருந்தான். அண்ணன் குழந்தைசாமிக்குக் காதுக் கடுக்கனைத் திருகிக் காட்டுவான். அண்ணி சொர்ணத்துக்கு மூக்கைச் சுளிப்பான். எனக்குச் சாட்டையைச் சுழற்றுவான். சிலருக்கு வைத்திருந்த அடையாளத்தை இங்கே எழுத முடியாது. வேலையில் அவனை அடிக்க ஆள் இல்லை. அவன் வெட்டிய வரப்பில் நூல் பிடித்துப் பார்க்கலாம். அடுத்தவன் கோணலாக வெட்டி வைத்திருந்தால் கூலி கேட்காமல் போய் அதைச் சரிசெய்துவிட்டு, அவனைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு வருவான்.

அவன் கையைக் காட்டிப் பேசினால் பக்கத்தில் இருக்கிறவர்கள் உடனே என்னைப் பார்ப்பார்கள். "என்னடா சொல்றான் ஊமையன்?" நான் சொல்லுவேன். சாவடியில் கேட்டால் சாவடியில் சொல்லுவேன், கிணற்றடியில் கேட்டால் கிணற்றடியில் சொல்லுவேன். அதை ஒரு உபகாரமாகத்தான் நினைத்திருந்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது. "ஆண்டியப்பன் இல்லாட்டி அந்தப் பய கதி என்ன?" என்று என் காதுபட நாலு பேர் சொன்னால் எனக்கு நெஞ்சு நிமிரும். ஒருமுறை இருளாண்டி, அண்ணி தனக்கு அடிப்பிடித்த சோறாகவே போடுகிறாள் என்று என்னிடம் சொல்லி வருத்தப்பட்டான். அன்றைக்கே அது சொர்ணத்தின் காதுக்குப் போய்விட்டது. இரண்டு நாள் அந்தச் சோறும் கிடைக்கவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று என்னிடமே வந்து கேட்டான். யாரோ பார்த்திருப்பார்கள் என்று கையைக் காட்டிவிட்டேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அப்பா கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் நஞ்சை வைத்துவிட்டுச் செத்துப்போனார். ஆத்தாள் பிச்சையம்மாள் இருந்தவரை யாரும் பங்கைப் பற்றிப் பேசவில்லை. ஆத்தாளும் போனபிறகு, முப்பத்து நாலாம் வருஷம், இருளாண்டி தன் பாதியைப் பிரித்துக் கேட்டான். கேட்டான் என்றால் நான்தான் கேட்டேன், அவன் சார்பில். குழந்தைசாமி ஒன்றும் கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் நிலம் என்றால் யாருக்கும் கண் கொஞ்சம் சுருங்கும். பிறவியிலேயே செவிடும் ஊமையுமாகப் பிறந்தவனுக்கு இந்து சாஸ்திரப்படி சொத்தில் பங்கு கிடையாது, சோறு மட்டும்தான் போட வேண்டும் என்று எவனோ அவருக்கு ஓதிவிட்டான். வழக்கு புதுக்கோட்டைக் கோர்ட்டுக்குப் போனது.

இருளாண்டிக்கு இதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஜெயித்தால் தன் வயல், தன் வரப்பு, தனி அடுப்பு. தோற்றால் சாகும்வரை அண்ணன் வீட்டு வாசலில் தட்டை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டியது. முப்பது வயதுக்கு மேல் ஆகியும் அந்த வாசலில் குத்தவைத்துத் தின்பது அவனுக்கு எவ்வளவு கூச்சம் என்பது எனக்குத் தெரியும். சாப்பிடும்போது தெருப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவான்.

வக்கீல் ஐயா எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குள் உட்கார வைத்து, குமாஸ்தாவை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். ஒரு வக்கீல் எனக்காகக் கதவைச் சாத்துகிறார் என்பதே எனக்கு அன்று பெரிய விஷயமாக இருந்தது.

"ஆண்டியப்பா, இவனுக்கு எப்பவாவது காது கேட்டிருக்கான்னு கேளு. சின்ன வயசுலே, ஒரு தடவையாவது."

நான் கேட்டேன்.  இருளாண்டி சிரித்துக்கொண்டே காட்டினான். ஒருநாளும் இல்லை. நீங்கள் எல்லாரும் வாயை அசைக்கிறீர்களே, அதிலிருந்து என்ன வருகிறது? அம்மா பேசும்போது அவள் வாயில் கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். சூடாகக் காற்று வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. அந்தக் காற்றுக்காகவா எல்லாரும் இவ்வளவு பாடு படுகிறீர்கள்?

நான் அதை அப்படியே சொன்னேன். வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நல்லாக் கேட்டுக்கோ. பொறவி ஊமைன்னு சொல்றது அவங்க கட்சி. அதை நிரூபிக்க வேண்டியதும் அவங்கதான். பிரசவம் பாத்த மருத்துவச்சி இல்லே, ஆத்தாளும் இல்லே. இவனுக்கு மூணு வயசுலே அம்மை போட்டிருக்கு. அதுக்கப்புறம்தான் காது போச்சுன்னு சொல்றவங்களும் ஊர்லே இருக்காங்க. அவங்க கையிலே உறுதியா ஒண்ணுமில்லே. நாம பொய் சொல்லப் போறதில்லே. சும்மா இருக்கப் போறோம், அவ்வளவுதான்."

"சரிங்க ஐயா."

"இவன் இப்ப சொன்னது இந்த அறையோட இருக்கணும். கட்சிக்காரன் வக்கீல்கிட்ட சொன்னதை எந்த ஜட்ஜும் வெளியே இழுக்க முடியாது. நடுவிலே நின்னு எடுத்துச் சொல்ற ஒனக்கும் அதே சட்டம்தான். கோர்ட்டே கேட்டாலும் நீ சொல்ல வேண்டியதில்லே. புரியுதா?"

"புரியுதுங்க."

எனக்குப் புரிந்தது இதுதான்: கோர்ட்டில் ஜட்ஜ் கேட்டால் சொல்லக் கூடாது. இருளாண்டிக்கும் அதையே கையில் காட்டினேன். சட்டத்தில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்பதில் வந்த பெருமை வேறு. அந்தப் பெருமையில் அவர் சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை. இருளாண்டிக்குக் காது கேட்காது. எனக்குக் கேட்கும் என்று ஊரில் பேர்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோர்ட்டுக்குப் போகும்போது இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே வண்டியில்தான் போவார்கள். ஊரில் வாடகைக்கு ஓடியது என் வண்டி ஒன்றுதான் என்பது ஒரு காரணம். அதோடு, வழக்கு என்பது கோர்ட்டு வாசலுக்கு உள்ளே நடக்கிற சங்கதி, வெளியே வந்துவிட்டால் பங்காளி பங்காளிதான், மாமன் மாமன்தான். கட்டுச்சோற்றைப் பிரித்து ஒன்றாகத் தின்றுவிட்டு, கோர்ட்டுக்குள் போய் ஒருவன் இன்னொருவனைத் திருடன் என்பான். திரும்பி வரும்போது இரண்டு பேரும் என் வண்டியில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்குவார்கள். நான் எத்தனையோ பேரை அப்படி ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

வக்கீலைப் பார்த்த அன்றைக்கும் அப்படித்தான். வெயில் தாழ்ந்தபிறகு புதுக்கோட்டையிலிருந்து கிளம்பினோம். குழந்தைசாமி முன்னால் என் பக்கத்தில். இருளாண்டி பின்னால் வைக்கோல்மேல், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு. வழியில் ஒரு மரத்தடியில் மாட்டை அவிழ்த்துவிட்டு, சொர்ணம் கட்டிக் கொடுத்திருந்த புளிச்சோற்றைத் தின்றோம். குழந்தைசாமி தம்பிக்கு ஒரு கை கூடவே வைத்தார். மறுபடி மாட்டைப் பூட்டிக் கொஞ்ச தூரம் போனதும், பாக்கை வாயில் போட்டுக்கொண்டே என்னைக் கேட்டார்.

"வக்கீல் வீட்டுலே ரொம்ப நேரம் இருந்தீங்களே. தம்பி என்ன சொன்னான்?"

இத்தனை வருஷமாக ஊர் என்னைக் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. நானும் எப்போதும்போலச் சொன்னேன். பணத்துக்கு ஆசைப்பட்டோ, இருளாண்டியின்மேல் கோபத்திலோ சொல்லவில்லை. அப்படிச் செய்திருந்தால்கூட, செய்தேன் என்று ஒப்புக்கொண்டு ஒரு மனுஷனாக நிற்கலாம். அவன் சொன்னது நன்றாக இருந்தது, அதனால் சொன்னேன். ஆத்தாள் வாயில் கை வைத்துப் பார்த்தது, சூடான காற்று, அந்தக் காற்றுக்காகவா இவ்வளவு பாடு என்றது, எல்லாவற்றையும் கயிற்றை மடியில் போட்டுவிட்டு, அவனைப் போலவே கையை ஆட்டி நடித்துக் காட்டினேன். குழந்தைசாமி ஆத்தாளை நினைத்து முதலில் கண் கலங்கினார், பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன்.

"அப்ப ஒரு தடவைகூடக் கேட்டதே இல்லைன்னானாக்கும்?"

"ஒருநாளும் இல்லையாம்ண்ணே. அவனுக்குச் சத்தம்னா என்னான்னே தெரியல."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் சிரித்தபோது வண்டி குலுங்கியிருக்கும் போலிருக்கிறது. இருளாண்டி திரும்பிப் பார்த்தான். என்ன சிரிப்பு என்று கேட்டான். மாடு வாலால் அடித்தது என்று காட்டினேன். அவனும் சிரித்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கும் இடம்கூட இருக்காது.

இரண்டு மாதம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. அவர்கள் பக்கத்தில் மூன்று சாட்சிகள் வந்தார்கள். பிறவி ஊமை என்று ஒருத்தன், அம்மைக்கு அப்புறம்தான் என்று குறுக்கு விசாரணையில் உளறிய ஒருத்தன், எனக்கு நினைவில்லை என்று ஒரு கிழவர். எங்கள் வக்கீல் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அப்போது எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, அடுத்த சாட்சியாக இருளாண்டியையே விசாரிக்க வேண்டும் என்றார்.

எங்கள் வக்கீல் சடாரென்று எழுந்தார். ஆட்சேபம் என்றார், என்னென்னவோ இங்கிலீஷில் சொன்னார். ஜட்ஜ் கேட்டுவிட்டு, விசாரிக்கலாம் என்றார். இருளாண்டியைக் கூண்டில் ஏற்றினார்கள். எடுத்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். அவன் காட்டுவதை உள்ளது உள்ளபடி சொல்வேன் என்று சத்தியம் வாங்கினார்கள். நான் சத்தியம் செய்தபோது வக்கீல் ஐயா என்னைப் பார்த்தார். ஜட்ஜைப் பார்க்கவில்லை, எதிர்க்கட்சி வக்கீலைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 

"பிறந்ததிலிருந்து எப்போதாவது ஒரு சத்தத்தைக் கேட்டதுண்டா என்று கேள்."

கேட்டேன். இருளாண்டி வக்கீல் ஐயாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். இடுப்புக்குக் கீழே கையை வைத்துச் சின்னதாகக் காட்டினான். சொல்லலாமா?

"என்ன சொல்கிறான்?" என்றார் ஜட்ஜ்.

உள்ளதைச் சொல்வதாகச் சத்தியம் செய்தவன் நான். "சொல்லலாமான்னு கேக்குறானுங்க" என்றேன். கோர்ட்டில் சிரித்தார்கள்.

"உண்மையைச் சொல்ல வேண்டும் என்று சொல்."

சொன்னேன். அவன் நிமிர்ந்து நின்று, காதைத் தொட்டுக் கையை விரித்தான். ஒருநாளும் இல்லை. அந்த இடத்தில் நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். மூன்று வயது வரை கேட்டதாம் என்று ஒரு வார்த்தை போதும். சத்தியத்துக்குப் பயந்து சொல்லாமல் விட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இல்லை காரணம். குழந்தைசாமி முன் பெஞ்சில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் சொன்னதை இங்கே மாற்றினால் அவர் எழுந்து நின்று சொல்லிவிடுவார் என்று பயந்தேன். "ஒருநாளும் கேட்டதில்லைங்க" என்றேன். என் குரல் அந்தப் பெரிய ஹாலில் கணீரென்று கேட்டது.

வெளியே வந்ததும் வக்கீல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யார்கிட்ட சொன்னே?"

"வேற யார்கிட்டயும் இல்லைங்க. அவன் அண்ணன்கிட்டதான்."

"எதிர்க்கட்சிகிட்ட."

"கோர்ட்டுலே கேட்டாத்தான் சொல்லக் கூடாதுன்னு நெனச்சேங்க."

அவர் காகிதக் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "என்ன பதில் வரும்னு தெரியாத கேள்வியை எந்த வக்கீலும் கூண்டுலே கேக்க மாட்டான், ஆண்டியப்பா. அவனுக்குப் பதில் தெரிஞ்சிருந்தது. இனிமே வீட்டுப் பக்கம் வராதே." அவ்வளவுதான். போய்விட்டார்.

தீர்ப்பு அவர்கள் எதிர்பார்த்தபடி வந்தது. அப்பா சாகும்போது இருந்த பழைய சட்டப்படி இருளாண்டிக்குப் பங்கில்லை. உயிரோடு இருக்கும்வரை அண்ணன் அவனுக்குச் சோறும் துணியும் கொடுக்க வேண்டும். குழந்தைசாமி அதை ஒழுங்காகக் கொடுத்தார், குறை சொல்ல முடியாது. முன்பு தன்னுடையது என்று நினைத்து வெட்டிய வரப்பை இருளாண்டி இப்போது அண்ணனுடையது என்று வெட்டினான். அப்போதும் நேராகத்தான் வெட்டினான்.

நான் ஒரு மாதம் அவன் கண்ணில் படாமல் திரிந்தேன். விராலிமலைப் பக்கம் பாரம் ஏற்றிக்கொண்டு போனேன், வராத வாடகையெல்லாம் தேடிப் போனேன். ஒருநாள் காலை, கண்மாய்க் கரையில் வண்டியை மறித்தான். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டான். அந்த வக்கீலுக்கு எப்படித் தெரிந்தது?

பொய் வாய்க்கு வந்தது. கைக்கு வரவில்லை. கடுக்கனைத் திருகிக் காட்டினேன். வண்டியைக் காட்டினேன். என் வாயைக் காட்டினேன்.

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. புரியாதவன்போல வண்டியைப் பார்த்தான். பிறகு கேட்டான். நான் எங்கே இருந்தேன்?

பின்னால், என்று காட்டினேன். வண்டியின் பின்பக்கத்தைத் தொட்டே காட்டினேன்.

அவன் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாக, ஒவ்வொன்றாகக் கேட்டான். இது மட்டும்தானா? ஆடு மேய்த்த நாளிலிருந்து நான் உன்னிடம் சொன்னது? ராத்திரி பயமாக இருக்கிறது என்றது? அம்மா செத்தபோது சொன்னது? எல்லாமேவா?

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அந்த நிமிஷம்வரை எனக்கே அது தோன்றியதில்லை. அவன் என்னிடம் பேசியதாக நினைத்துக்கொண்டிருந்தான். என் வாய் அசைவதை அவன் பார்த்திருக்கிறான். ஆனால் தனக்கு வேண்டியதைக் கேட்டுக் கொடுக்கத்தான் அசைகிறது என்று நம்பியிருக்கிறான். மற்றதெல்லாம் எனக்குள்ளேயே இருக்கிறது என்று நினைத்திருக்கிறான். அவனுக்கு ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான், அந்த ஆள் நான். இதைவிடக் கேவலமாக ஒருத்தன் இருக்க முடியுமா என்று தெரியவில்லை. இருளாண்டி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு பத்து வருஷம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்ப மாட்டான். தண்ணீர் வேண்டும், நெருப்பு வேண்டும், மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது, இவ்வளவுதான் காட்டுவான். கடைக்காரனிடம் காட்டுகிறதும் என்னிடம் காட்டுகிறதும் ஒன்றாகிவிட்டது. நான் எத்தனையோ தடவை என்னைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். என் வீட்டுச் சண்டை, எனக்கு வந்த மூலம், யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவனிடம் சொன்னேன். மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருப்பான். பதிலுக்கு ஒன்றும் சொல்ல மாட்டான்.

நாற்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் படுத்தான். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை, வயிற்றைப் பிடிக்கிறானா நெஞ்சைப் பிடிக்கிறானா என்று யாருக்கும் தெரியவில்லை. நாலாம் நாள் மத்தியானம் குழந்தைசாமி ஆள் விட்டார். "ஆண்டியப்பா, நீ வந்து கேளப்பா. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல." போனேன். வைத்தியர் ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். வாசல் நிறையச் சனம்.

இருளாண்டி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால் நின்றவர்களையும் பார்த்தான். போர்வைக்கு மேல் கிடந்த இரண்டு கைகளையும் உள்ளே இழுத்துக்கொண்டான்.

எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். கதவைச் சாத்தினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது, நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், வைத்தியரிடம் மட்டும் சொல்கிறேன், நீ வேண்டாம் என்றால் அதுவும் வேண்டாம் என்று காட்டினேன். திரும்பத் திரும்பக் காட்டினேன். அழுதுகொண்டே காட்டினேன். அவன் கையை வெளியே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அவன் கண்ணை மூடிவிட்டால் யாரும் அவனிடம் எதுவும் பேச முடியாது.

கதவைத் திறந்தபோது வைத்தியர் வாசலில் நின்றிருந்தார். எங்கே வலிக்கிறது என்கிறான் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.